சிவப்பும் பச்சையும் நானும்

ஒரே நேரத்தில் பத்தாயிரம் ஜீன்களை அளந்துவிடலாம் என்று சொல்லித்தான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தார்கள். ஒருமுறை கை தவறினால் பத்தாயிரம் விடையும் ஒன்றாகத் தவறும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பழைய முறையில் வேலை செய்தவர்கள் பாக்கியவான்கள். ஒரு ஜீன், ஒரு ஜெல், ஒரு பிழை என்று அளவோடு தப்பு செய்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

நான் சொல்வது மைக்ரோஅரே காலத்துக் கதை. 2000-ஐ ஒட்டிய வருடங்கள். இடம், கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். பெயர் வேண்டாம், பழி முழுக்க என்னுடையது என்பதால் அவர்களை இழுக்க மனம் வரவில்லை.

பள்ளிக்கூட லேபில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தோமே, அதே கண்ணாடி ஸ்லைடுதான். அதன்மேல் ஒரு ரோபோ மெல்லிய எஃகு முனைகளால் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ பொட்டுகளை வரிசையாக வைக்கும். ஒவ்வொரு பொட்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம். பொட்டுக்கு ஒரு ஜீன். சோதிக்க வேண்டிய கட்டியின் மாதிரிக்கு ஓர் ஒளிரும் சாயம், ஒப்பிட வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் மாதிரிக்கு இன்னொன்று. சை5 என்றால் சிவப்பு, சை3 என்றால் பச்சை. இரண்டையும் கலந்து ஸ்லைடின்மேல் விட்டு ராத்திரி முழுக்க 65 டிகிரியில் வைத்தால், ஒவ்வொரு ஜீனின் துண்டும் தன் ஜோடிப் பொட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் கழுவி லேசர் ஸ்கேனரில் படிக்க வேண்டும். கட்டியில் அந்த ஜீன் கூடுதலாக இருந்தால் பொட்டு சிவப்பு. குறைந்திருந்தால் பச்சை. சமமென்றால் மஞ்சள்.

1995-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஷீனாவும் பாட்ரிக் பிரவுனும் மற்றவர்களும் ‘சயின்ஸ்’ இதழில் இதை முதலில் எழுதியபோது ஸ்லைடில் இருந்தவை 45 ஜீன்கள்; அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியுடையவை. இரண்டே வருடத்தில், 1997-இல், ஜோசப் டெரிசி, விஸ்வநாத் ஐயர், பிரவுன் மூவரும் ஈஸ்டின் ஜீன்கள் அத்தனையையும், ஆறாயிரத்துச் சொச்சம், ஒரே ஸ்லைடில் ஏற்றிவிட்டார்கள். ரோபோவை நாமே பூட்டிக்கொள்வது எப்படி என்று பிரவுன் ஆய்வகம் கையேடும் போட்டது. அதைப் படித்துவிட்டு ஸ்பானரும் கையுமாக அலைந்த உயிரியல்காரர்கள் அந்நாளில் பலர்.

எங்கள் வேலை ஒரு படி மேலே. ஜீன்களைக் கொண்டு இரண்டு கேள்வி கேட்கலாம். அந்த ஜீன் செல்லில் எத்தனை பிரதி இருக்கிறது என்பது ஒன்று. சாதாரண செல்லில் இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும். புற்றுசெல்லில் இந்தக் கணக்கு குலைந்து சில ஜீன்கள் பத்து, இருபது பிரதியாகப் பெருகிக் கிடக்கும், சில காணாமலே போயிருக்கும். அந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது, அதாவது அதிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏ எழுதப்படுகிறது என்பது இரண்டாவது. பிரதி கூடினால் வேலையும் கூடுமா? கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அளந்து பார்த்தவர்கள் அப்போது அதிகம் இல்லை. 1999-இல் ஜோனதன் பொலாக்கும் பிரவுன் ஆய்வகத்தாரும், ஆர்என்ஏவுக்குப் போடும் அதே ஸ்லைடில் டிஎன்ஏவையும் போட்டுப் பிரதி எண்ணிக்கையைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். ஒரே கட்டி, ஒரே மாதிரியான இரண்டு ஸ்லைடுகள்: ஒன்றில் அதன் டிஎன்ஏ, இன்னொன்றில் ஆர்என்ஏ. பொட்டுக்குப் பொட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மார்பகப் புற்றுக்கட்டிகளில் இதைச் செய்வதற்குத்தான் என்னை எடுத்திருந்தார்கள்.

எடுக்கும்போது ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

பிறவிக் குறைபாடு. பழுத்த தக்காளியையும் காயையும் விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிற ஜாதி நான். உலகத்திலேயே சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி நடக்கிற ஒரு விஞ்ஞானத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ந்திருக்கிறேன். நேர்முகத்தில் பேராசிரியர் திரையில் ஒரு படம் காட்டி, “அழகாக இருக்கிறதல்லவா?” என்றார். சேற்று நிறத்தில் ஒரு பாய் தெரிந்தது. “பிரமாதம்” என்றேன்.

உண்மையில் இதனால் கணக்குக்குப் பாதகம் இல்லை. ஸ்கேனர் தருவது கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டு. பொட்டுக்குப் பொட்டு 0-இலிருந்து 65,535 வரை ஓர் எண். சிவப்பும் பச்சையும் பிறகு மென்பொருள் பூசுகிற அரிதாரம். இதைச் சேர்ந்த வாரத்திலேயே கண்டுபிடித்து நிம்மதியாகிவிட்டேன். மாட்டிக்கொண்டது லேப் மீட்டிங்கில். மைக்கேல் ஐசன் குழு 1998-இல் கொண்டுவந்த முறைப்படி, ஜீன்களை வரிசைகளாகவும் கட்டிகளைப் பத்திகளாகவும் அடுக்கிச் சிவப்பு, பச்சைக் கட்டங்களால் நிரப்பிய படத்தைத் திரையில் போட்டு விளக்க வேண்டும். கையில் சிவப்பு லேசர் பாயிண்டர். அந்தப் படத்தின்மேல் விழும் சிவப்புப் புள்ளி எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. “இந்தக் கூட்டத்தைப் பாருங்கள்” என்று தன்னம்பிக்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். புள்ளி அங்கே திரைச்சீலையில் ஆடிக்கொண்டிருந்ததாம்.

கை வேலையில் செய்த கூத்துகள் தனி. ஹைபிரிடைசேஷனுக்கு வைப்பதைப் பார்த்தால் ஒன்றுமில்லாத வேலைபோல இருக்கும். ஸ்லைடின்மேல் முப்பது நாற்பது மைக்ரோலிட்டர் திரவம், அதாவது கண்ணுக்கு விடும் மருந்தில் ஒரு சொட்டு. அதன்மேல் கவர்ஸ்லிப்பை ஒரு விளிம்பில் ஊன்றி, ஊசிமுனையால் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்க்க வேண்டும். திரவம் கண்ணாடிக்கடியில் தானே பரவிக்கொண்டு போகும். கடைசி நொடியில் ஒரு குமிழி உட்காரும். குமிழிக்குக் கீழே இருக்கிற இருநூறு முந்நூறு ஜீன்களுக்கு அன்றைக்கு விடுமுறை. குமிழியைத் தள்ளப் போனால் கவர்ஸ்லிப் நழுவும். நழுவினால் பொட்டுகள் உரசி வால் முளைத்துவிடும். குமிழியை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். விட்டவன் இல்லை நான்.

அப்புறம் ஸ்லைடை ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடி, வாட்டர்பாத்தில் இறக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் பெட்டியின் ஓரங்களில் இரண்டு சொட்டு உப்புக் கரைசல் விட வேண்டும், உள்ளே ஈரம் இருப்பதற்காக. அந்த இரண்டு சொட்டை மறந்தால் காலையில் ஸ்லைடு காய்ந்து, சாயம் கண்ணாடியோடு வெந்து, விளிம்பு முழுக்க ஒளிரும். அன்று எந்தக் கழுவலும் உதவாது. இதை நான் மறந்த ராத்திரிகளில் எல்லாம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்பதுதான் பெரிய அநியாயம்.

ஒருநாள் ஸ்லைடு முழுக்க மஞ்சள். எனக்கு எப்போதுமே ஏறக்குறைய அப்படித்தான் தெரியும் என்பதால் எண்களைப் பார்த்தேன். எல்லா விகிதமும் ஒன்றை ஒட்டியே நின்றது. இந்தக் கட்டியில் பிரதிகள் எதுவும் மாறவில்லை, விசேஷமான கட்டி என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். விசேஷம் கட்டியில் இல்லை. மனித டிஎன்ஏவில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம்; ஆலு என்ற ஒரு வகை மட்டுமே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இவை எல்லாப் பொட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, காட்-1 என்ற டிஎன்ஏவை நிறையக் கலந்து அவற்றின் வாயை முன்கூட்டியே அடைக்க வேண்டும். நான் கலக்கவில்லை. விலை அதிகம் என்று பத்திரமாக ஃப்ரீஸரின் பின் வரிசையில் வைத்திருந்தேன், அவ்வளவு பத்திரமாக.

ஸ்கேனரிலும் என் கைவரிசை உண்டு. படம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டேன். எண் 65,535-க்கு மேல் போகாது. அங்கே போய் முட்டினால் சிவப்பும் அவ்வளவு, பச்சையும் அவ்வளவு, விகிதம் ஒன்று. அந்தக் கட்டியிலேயே மிக அதிகமாகப் பெருகியிருந்த ஜீன், பிரகாசத்தின் உச்சியில் நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி மஞ்சளாகச் சிரித்தது.

கோடையில் வேறொரு பிரச்சினை. காலையில் கழுவிய ஸ்லைடுகள் நன்றாக வந்தன. மதியம் கழுவியவற்றில் சிவப்பு மங்கியிருந்தது. கட்டியின் மாதிரிக்குத்தான் சிவப்புச் சாயம். ஆகவே மதியத்துக்கு மேல் எல்லாக் கட்டிகளிலும் எல்லா ஜீன்களும் குறைந்துபோயின. சாயம் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டு, உங்கள் சரக்கு மட்டம் என்று சத்தம் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமைசாலி. புதுக் குழாய் அனுப்பி வைத்தார். அதுவும் காலையில் நல்லது, மதியத்தில் மட்டம். 2003-இல்தான் காரணம் கட்டுரையாக வந்தது: காற்றிலிருக்கும் ஓசோன். ஒரு பில்லியனில் ஐந்து, பத்துப் பங்கு இருந்தாலே போதும். கழுவிக் காயவைக்கும் சில நொடிகளில் சை5-ஐத் தின்றுவிடும், சை3-ஐ அவ்வளவாகத் தொடாது. வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து மதியத்துக்கு மேல்தான் ஓசோன் ஏறும். குற்றவாளி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்திருக்கிறான்; நான் சாயக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நெடுஞ்சாலையில் தினமும் என் காரும் போனது.

இவையெல்லாம் சில்லறை. மொத்தமாகச் சறுக்கியது எக்ஸ் குரோமோசோமில்.

ஒரு தொகுதிக் கட்டிகளின் டிஎன்ஏ ஸ்லைடுகளை முடித்து, ஜீன்களைக் குரோமோசோம் வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, எல்லாக் கட்டியிலும் எக்ஸ் குரோமோசோம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உயர்ந்து நின்றது. ஒரு கட்டி விடாமல். விகிதம் ஒன்றரைக்குக் கிட்டத்தில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. இரண்டு மூன்றானால் விகிதம் சரியாக ஒன்றரை. கணக்கு கச்சிதம். மார்பகப் புற்றில் எக்ஸ் ஒன்று கூடுகிறது! ஆர்என்ஏ ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். அங்கே எக்ஸின் ஜீன்கள் கூடுதலாக வேலை செய்யும் அறிகுறியே இல்லை. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். நான் இன்னும் குஷியானேன். கூடுதலாக வந்த எக்ஸைப் புற்றுசெல் எப்படியோ வாயடைத்து வைக்கிறது என்று ஒரு கொள்கையை உருவாக்கி, அம்புக்குறிகளோடு படமும் வரைந்தேன். லேப் மீட்டிங்குக்குத் தலைப்பு: ‘எக்ஸ் பெருக்கம்: மார்பகப் புற்றின் பொது அடையாளமா?’ அந்தக் கேள்விக்குறி அடக்கத்துக்காகப் போட்டது.

பேராசிரியர் கடைசிவரை கேட்டார். பிறகு, “ரெஃபரன்ஸ் எது?” என்றார்.

“நார்மல் டிஎன்ஏ.”

“யாருடைய நார்மல்?”

கடையில் வாங்கிய பெண் டிஎன்ஏ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வாயேன்” என்றார்.

மைனஸ் இருபது ஃப்ரீஸரில் என் பெட்டி. கடையில் வாங்கிய குழாய் சீல் பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் பாதி தீர்ந்த இன்னொரு குழாய். அதன் மூடியில் என் கையெழுத்தில் ‘நார்மல்’ என்று ஒரே ஒரு வார்த்தை. சேர்ந்த புதிதில் டிஎன்ஏ பிரித்தெடுக்கப் பழகுவதற்காக ரத்தம் கொடுத்திருந்தேன். என் ரத்தம். அது நன்றாகவே வந்துவிட்ட பெருமையில், எறிய மனமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தனை பெண்களின் கட்டிகளையும் என்னோடு ஒப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்கு எக்ஸ் இரண்டு, எனக்கு ஒன்று. விகிதம் இரண்டாக வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வகை ஸ்லைடுகள் எந்த வித்தியாசத்தையும் கொஞ்சம் சுருக்கியே காட்டும். துல்லியமாக ஒட்டாத துண்டுகளின் உபயம். இரண்டு சுருங்கி ஒன்றரைப் பக்கம் வந்து, மூன்றுக்கு இரண்டு என்று எனக்கு வேஷம் காட்டியிருக்கிறது. பொலாக் 1999-இல் தன் முறையைச் சோதித்ததே இப்படித்தான்: எக்ஸ் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஐந்துவரை மாறுபடும் செல்களை எடுத்து, ஸ்லைடு அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கட்டுரையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர் செய்த பரிசோதனையையே செய்துவிட்டு அதைக் கண்டுபிடிப்பு என்று அறிவித்திருக்கிறேன்.

ஒய் குரோமோசோம் காட்டிக்கொடுத்திருக்குமே என்று கேட்பீர்கள். காட்டிக்கொடுத்திருந்தது. ஒய்யின் சில பொட்டுகள் எல்லா ஸ்லைடிலும் பச்சையின் அதலபாதாளத்தில் கிடந்தன. ஒரு நிறத்தில் ஒளியே இல்லாத பொட்டுகள் மோசமான பொட்டுகள் என்று ஒரு வடிகட்டி எழுதி, அவற்றைக் கணக்கிலிருந்து தூக்கியது நானேதான். பிணத்தையும் கத்தியையும் ஒதுக்கிவிட்டு அறை சுத்தமாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்த இன்ஸ்பெக்டர் நான்.

என் கொள்கையின் கதி இன்னும் மோசம். பெண் செல்களில் இரண்டு எக்ஸில் ஒன்று மௌனமாக்கப்பட்டுவிடும் என்று மேரி லயன் 1961-லேயே சொல்லிவிட்டார். பிரதி இரண்டானாலும் வேலை ஒன்றின் அளவுக்குத்தான் நடக்கும். எல்லாப் பெண்களின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் நடக்கும் இந்தச் சாதாரண சங்கதியை நான் நாற்பது வருடம் தாமதமாக, புற்றுநோயின் ரகசியம் என்று அம்புக்குறி போட்டு வரைந்திருந்தேன். பேராசிரியர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தக் குழாயில் இருந்த ஒற்றை எக்ஸ், அதுவும் நார்மல் கிடையாது. சிவப்பையும் பச்சையையும் உணரும் ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமின் ஒரு கோடியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று அச்சு அசல் என்று சொல்லும் அளவுக்கு ஒற்றுமை. அதனாலேயே செல் பிரியும்போது இடம் மாறிப் பொருந்தி, ஒரு பிள்ளைக்குப் பிரதி கூடியும் இன்னொன்றுக்குக் குறைந்தும் போய்விடுகிறது. ஜெரமி நேதன்ஸ் 1986-இல் இதைக் கண்டு சொன்னது ஸ்டான்ஃபோர்டிலிருந்துதான். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் மாற்றுக்கு ஆள் இல்லை. குறைபாடு அப்படியே வெளிப்பட்டுவிடும். ஆக, என் கண்ணின் கோளாறே அநேகமாக டிஎன்ஏ பிரதி எண்ணிக்கையில் வந்த கோளாறு. பிரதி எண்ணிக்கையை அளக்கும் ஆராய்ச்சியில், பிரதி எண்ணிக்கை பிசகிய என்னைத் தராசின் மறு தட்டில் வைத்து ‘நார்மல்’ என்று சீட்டும் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் போன் செய்து இதை விளக்க முயன்றேன். “சின்ன வயசிலேயே கண் டாக்டர்கிட்ட காட்டினோமேடா, அவர் கண்ணாடி வேண்டாம்னுட்டார்” என்றாள்.

மற்ற 22 ஜோடிக் குரோமோசோம்களில் நான் நார்மல்தான், அந்தத் தரவு செல்லும் என்று வாதாடிப் பார்த்தேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பச் செய்யச் சொன்னார்.

திரும்பச் செய்த பிறகாவது ஒழுங்காகக் கணக்குப் போட்டேனா? ஒரு கட்டியை எடுத்து, அதன் ஜீன்களுக்கெல்லாம் டிஎன்ஏ விகிதத்தை ஓர் அச்சிலும் ஆர்என்ஏ விகிதத்தை இன்னொன்றிலும் போட்டேன். மிளகைச் சிதறியது மாதிரிதான் வந்தது, ஒரு போக்கும் இல்லை. பிரதிக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் ரெஃபரன்ஸ் பற்றி அவர் மறுபடி கேட்பதற்குள் நானே கேட்டுக்கொண்டேன், அந்த அளவுக்காவது தேறியிருந்தேன். டிஎன்ஏ விகிதத்தில் கீழே, வகுக்கும் இடத்தில், இருப்பது ஆரோக்கியமான ஒரு பெண்ணின் டிஎன்ஏ. ஆர்என்ஏ விகிதத்தில் கீழே இருப்பது ஆய்வகத்தில் வளர்க்கும் பல செல் வரிசைகளை ஒன்றாகக் கலந்த கலவை. அந்தக் காலத்து வழக்கம் அது. சார்லஸ் பெரூவும் கூட்டாளிகளும் 2000-இல் மார்பகக் கட்டிகளை வகை பிரித்தபோது 11 செல் வரிசைகளின் கலவையைத்தான் வைத்தார்கள். எந்த ஜீனாவது அந்தக் கலவையில் அமோகமாக வேலை செய்தால், என் கட்டியில் அது குறைவாகவே தோன்றும், கட்டியின்மேல் குற்றமில்லை. கட்டிகளையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஜீனுக்கும் சராசரி எடுத்து, அதிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் கலவையின் கை அடிபட்டுப் போகும். அதைச் செய்ததும் மிளகு மெல்லச் சாய்ந்து ஒரு போக்கு தெரிந்தது.

பெரிய போக்கு என்று சொல்லிவிட முடியாது. 2002-இல் பொலாக் குழு 44 கட்டிகளையும் 10 செல் வரிசைகளையும் வைத்து வெளியிட்ட கணக்கு இது: மிக அதிகமாகப் பெருகிய ஜீன்களில் 62 சதவீதம் கூடுதலாக வேலை செய்தன, சராசரியாகப் பிரதி இரண்டு மடங்கானால் ஆர்என்ஏ ஒன்றரை மடங்கு, கட்டிக்குக் கட்டி ஜீன் வெளிப்பாட்டில் தெரியும் வேறுபாட்டில் குறைந்தது 12 சதவீதத்துக்குப் பிரதி எண்ணிக்கையே நேரடிக் காரணம். அதே வருடம் ஹைமனும் மற்றவர்களும் 14 செல் வரிசைகளில் பார்த்தபோது அந்த 62-இன் இடத்தில் 44 வந்தது. வரையறையும் மாதிரியும் வேறு. மீதி ஜீன்கள் பத்து பிரதி இருந்தும் வாயே திறப்பதில்லை. அந்தத் திசுவில் அவற்றை முடுக்கிவிட ஆள் இல்லை. என் எண்கள் பொலாக்கின் எண்களுக்கு அருகில் வந்து சேர்ந்தன. ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஒன்றை இவ்வளவு பாடுபட்டு மறுபடி நிரூபித்ததில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு பொட்டை மட்டும் எப்போது பார்த்தாலும் பிடித்திருந்தது. 17-ஆம் குரோமோசோமில் ஹெர்2. டென்னிஸ் ஸ்லேமன் 1987-இல், இந்த ஜீன் பெருகிய மார்பகப் புற்று மூர்க்கமானது என்று காட்டினார். அதைக் குறிவைத்த டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அனுமதி கிடைத்தது. ஹெர்2 பெருகிய கட்டி வந்தால் டிஎன்ஏ ஸ்லைடிலும் ஆர்என்ஏ ஸ்லைடிலும் அந்தப் பொட்டின் எண் உச்சத்தில் நிற்கும். என் கண்ணையே நம்ப வேண்டியதில்லை. அதோடு விட்டேனா? பக்கத்திலேயே இருக்கும் ஜிஆர்பி7-உம் இரண்டு ஸ்லைடிலும் ஏறியிருப்பதைக் கண்டு, இதுவும் புற்றுநோய் ஜீனாக இருக்குமோ என்று ஒரு மாதம் அதன் பின்னால் போனேன். பெருகும்போது ஒரு ஜீன் மட்டும் தனியாகப் பெருகுவதில்லை. அக்கம்பக்கத்துத் துண்டோடுதான் பெருகும். அதனால் யார் ஓட்டுநர், யார் ஓசிப் பயணி என்று இந்த ஸ்லைடுகள் தாமாகச் சொல்லாது. கட்டி வளர ஜிஆர்பி7-உம் கை கொடுக்கிறதா என்று பார்க்க வேறு சோதனைகள் வேண்டும். அதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நான் இல்லை. எனக்கு அந்த மாதம் கிடைத்தது நூலகத்தில் அபராதம்.

இன்று மைக்ரோஅரேவைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் பரிவோடு பார்க்கிறார்கள். ஆர்என்ஏவை இப்போது நேரடியாகவே வரிசைப்படுத்தி எண்ணிவிடுகிறார்கள். பிரதி எண்ணிக்கை பார்க்கும் அரே இன்னும் மருத்துவமனைகளில் உயிரோடு இருக்கிறது. வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்கு முதலில் செய்ய வேண்டிய மரபணுச் சோதனை அதுதான் என்று 2010-இல் வல்லுநர்கள் கூடிப் பரிந்துரைத்தார்கள்.

என் பழைய தரவும் பொதுக் கிடங்கில் எங்கோ கிடக்கிறது. கிடக்கட்டும் என்று மறந்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தார். “சார், உங்கள் ஜீன் பட்டியலில் ‘2-செப்’ என்று ஒரு ஜீன் இருக்கிறது. எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கவில்லை. புதிய ஜீனா?”

புதிய ஜீன் இல்லை. செப்ட்2. எக்செல் அதைத் தேதி என்று நினைத்துச் செப்டம்பர் இரண்டாக்கிவிட்டது. மார்ச்1 மார்ச் முதல் தேதியாகும். உணவுக்குழல் புற்றில் தொலைந்துபோகும் டெக்1 டிசம்பர் முதல் தேதியாகும். 2004-லேயே இதை எச்சரித்துக் கட்டுரை வந்தது. 2016-இல் பார்த்தபோது, எக்செல் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே தோற்று, செப்ட்2-ஐச் செப்டின்2 என்றும் மார்ச்1-ஐ மார்ச்சிஎஃப்1 என்றும் மாற்றிவிட்டது. மென்பொருளுக்குப் பயந்து மனித ஜீன்கள் பெயர் மாற்றிக்கொண்டன. இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விரிவாக, கொஞ்சம் மூத்தவன் தோரணையோடு எழுதினேன். அசல் கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, திருத்தி அனுப்புகிறேன் என்றும் சேர்த்தேன்.

பழைய டிஸ்க்கில் தேடி அசல் கோப்பைக் கண்டுபிடித்தேன். இரண்டு முறை சொடுக்கினேன், திறந்தது. செப்ட்2 இருந்த வரியில் பெயரைக் கையாலேயே செப்டின்2 என்று திருத்தினேன். சேமித்து அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு காபி போட எழுந்தேன்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. “மிக்க நன்றி சார். செப்ட்2 சரியாகிவிட்டது. ஆனால் இந்தக் கோப்பில் முன்பு இல்லாத ‘1-மார்’, ‘1-டிச’ இரண்டும் புதிதாக வந்திருக்கின்றன. எக்செல்லில் திறந்தீர்களா?”